சுத்தம் செய்த ஒலிநாடா

என் மனைவியின் நெஞ்சுக்குள் ஒரு செயற்கை வால்வு இருந்தது. பதினாறு வயதில் வைத்தது. அது மூடும்போதெல்லாம் டிக் என்று சத்தம் வரும். மருத்துவர்களுக்கு மட்டும் கேட்கும் சத்தம் இல்லை. அமைதியான அறையில் பக்கத்து நாற்காலிக்காரருக்கே கேட்கும்.

கல்லூரித் தேர்வு அறையில் கண்காணிப்பாளர் அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாராம். "வாட்சைக் கழட்டி வெளிய வச்சிடும்மா, மத்தவங்களுக்குத் தொந்தரவா இருக்கு."

"கழட்டலாம் சார். ஆனா மிச்சப் பரீட்சையை நீங்கதான் எழுதணும்."

இதை அவள் எல்லோரிடமும் சொல்வாள். என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போன அன்றே சொன்னாள். என் அப்பா சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

வீட்டில் அவள் பெயர் கடிகாரம். அவள் தம்பி வைத்தது. கோபம் வந்தால் சத்தம் வேகமாகும். சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். "வாய் பேசல. ஆனா உள்ள என்னைத் திட்டிக்கிட்டிருக்கிறது நல்லாக் கேக்குது" என்பேன். உதட்டைக் கடித்துக்கொள்வாள். சிரிப்பை அடக்கினால் இன்னும் வேகமாகும்.

கல்யாணமான புதிதில் அந்தச் சத்தத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அது இல்லாமல் வரவில்லை. படுக்கையறையில் சுவர்க் கடிகாரம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இரண்டும் ஒத்துப்போகாது.

ஒரு விடியற்காலையில் சத்தம் நின்றதால் விழித்துக்கொண்டேன்.

வால்வில் ரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். அதற்கான மாத்திரையை அவள் ஒரு நாளும் விட்டதில்லை. அப்படியும் சிலருக்கு நடக்கும் என்றார்கள். நான் தலையாட்டினேன்.

உறவினர்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். என் மாமியார் மட்டும் போகவில்லை. "தம்பி தனியா இருக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு முன்னறையில் பாயைப் போட்டுக்கொண்டார். உண்மையில் அவருக்கும் அந்தச் சமயத்தில் வேறெங்கும் இருக்க முடியவில்லை. சின்னம்மா முறையில் ஒருத்தி, வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி வந்து முன்னறையில் மாட்டினாள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் பேட்டரியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். அத்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

என் போனில் அவள் குரல் நிறைய இருக்கிறது. பால் வாங்கி வா, சாவியை எங்கே வைத்தாய், சீக்கிரம் வா. வீடியோக்களும் இருக்கின்றன. எதிலும் அந்தச் சத்தம் இல்லை. அவள் பேசாத இடங்களாகப் பார்த்து, ஒலியைக் கூட்டி வைத்துத் தேடினேன். மின்விசிறி இருந்தது. தெருவில் போன வண்டி இருந்தது. போன்கள் பேச்சைப் பிடிப்பதற்காகச் செய்தவை. மற்றதைத் தள்ளிவிடுகின்றன.

அப்போதுதான் மியூசியம் நினைவுக்கு வந்தது.

அவளுக்கு அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனையில் இதய மருத்துவத்துக்கென்று ஒரு மியூசியம் உண்டு. அந்தக் காலத்துப் பெரிய டாக்டர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். வால்வு வைத்த நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் முன் ஓர் அமைதியான அறையில் உட்கார வைத்து, இதயச் சத்தத்தைக் கேசட்டில் பதிவு செய்வார். மாணவர்களுக்குப் பாடம் நடத்த. அவளுடையதும் அங்கே இருந்தது.

"நான் மியூசியத்துல இருக்கேன், தெரியும்ல?" என்பாள். "நான் போயிட்டாலும் அங்க வந்து கேட்டுக்கலாம். டிக்கெட்கூடக் கிடையாது."

"வாயை மூடு."

"மூடினாலும் கேக்கும்."

அத்தையிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். "போன்ல புடிச்சிட்டு வந்துடு தம்பி" என்றார். "எனக்கும் வேணும்."

மச்சினன் தானும் வருகிறேன் என்றான். குளிர்சாதன இயந்திரங்கள் பழுது பார்க்கிறவன். அன்று இரண்டு வீட்டு வேலையைத் தள்ளிப் போட்டான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஆபரேஷன் முடிஞ்சு அக்கா வந்தப்ப எனக்கு ஏழு வயசு மாமா" என்றான். "வயித்துக்குள்ள வெடிகுண்டு வச்சு அனுப்பிட்டாங்கன்னு நெனைச்சேன். ராத்திரி கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டேன். வெடிச்சா கட்டில் காப்பாத்தும்னு."

"காப்பாத்துச்சா?"

"அவ குனிஞ்சு பாத்து, இன்னிக்கு வெடிக்காது, மேல வந்து படுன்னா."

சிரித்தான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மியூசியம் மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்தது. ஒரு பக்கம் சலவைத் துணி அறை, மறுபக்கம் பழைய கட்டில்கள் அடுக்கிய நடைவழி. நான் கட்டட வரைபடம் வரைகிறவன். புதிய இடம் என்றால் சுவரைத்தான் முதலில் பார்ப்பேன். ஈரம் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தது. அதற்கு மேல்தான் கண்ணாடி அலமாரிகளைப் பொருத்தியிருந்தார்கள். யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

அந்த யாரோ மியூசியத்தின் காப்பாளர். ஓய்வு பெற்ற இதய மருத்துவர். எழுபது வயதுப் பெண்மணி. சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார் என்று வாசல் காவலாளி சொன்னார். காதோரம் பென்சில் செருகியிருந்தார். எங்களைப் பார்த்ததும், "துணி அறை அடுத்த கதவு" என்றார்.

"மியூசியத்துக்குத்தான் டாக்டரம்மா" என்றான் மச்சினன்.

அவர் முகம் மாறியது. ஆள் வந்திருப்பதை நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நாங்கள் வந்த காரணத்தைச் சொல்வதற்குள் ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்துவிட்டார். மரத்தால் செய்த குழல் ஒன்று. டாக்டர் ஒரு முனையில் காதை வைப்பார், மறுமுனை நோயாளியின் நெஞ்சில். இதயத் துடிப்பை வரைய, கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்து உட்கார வேண்டிய ஓர் இயந்திரம். அலமாரி அளவுக்கு இருந்த முதல் இதய நுரையீரல் இயந்திரம். அதன் ரப்பர்க் குழாய்கள் விறைத்து விரிசல் விட்டிருந்தன. பிறகு வால்வுகள். வெல்வெட் துணியில் வரிசையாக. கம்பிக் கூண்டுக்குள் பந்து இருக்கும் பழைய வகை. சாயும் தட்டு. இரண்டு இலைக் கதவு.

நான் சட்டைப்பையிலிருந்து அவளுடைய அட்டையை எடுத்தேன். வால்வு வைத்த எல்லோரிடமும் இருக்கும் அட்டை. வால்வின் வகை, அளவு, நோயாளி எண்.

"என் மனைவி" என்றேன். "சத்தம் கேட்க வந்தோம்."

அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "கூட வந்திருக்கலாமே அவங்களும். வந்தா ரொம்பச் சந்தோஷப்படுவேன்."

மச்சினன் என்னைப் பார்த்தான். நான் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அட்டையை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

"வாங்க" என்றார். "கேசட்டெல்லாம் பூஞ்சை பிடிச்சு ஒட்டிக்கிச்சு. போன வருஷம்தான் நன்கொடை வாங்கி எல்லாத்தையும் கம்ப்யூட்டருக்கு மாத்தினோம். எவ்வளவு இரைச்சல், எவ்வளவு கீறல் தெரியுமா? எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டோம். இப்ப பளிங்கு மாதிரி இருக்கும்."

ஒலி கேட்கும் அறை முன்பு எக்ஸ்ரே அறையாக இருந்தது. ஈயத் தகடு பதித்த கதவு. அதை மூடியதும் வெளியே தள்ளுவண்டிகளின் சத்தம் அறுந்தது. அவர் எண்ணைத் தட்டினார். எனக்கு ஒரு ஹெட்போன், மச்சினனுக்கு ஒன்று. அவர் மேசையில் கை வைத்து நின்றார்.

முதலில் ஓர் ஆண் குரல் எண்ணைச் சொன்னது. பிறகு ஒரு நாற்காலி நகர்ந்தது. "ஜில்லுனு இருக்கு" என்றது ஒரு பெண் குரல். பதினாறு வயதுக் குரல். எனக்குத் தெரியாத குரல். நான் அவளை அந்த வயதில் பார்த்ததில்லை.

"கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். சாதாரணமா மூச்சு விடும்மா."

மூச்சு கேட்டது. சீராக, உள்ளே, வெளியே. துணி உரசும் ஒலி. காத்திருந்தேன்.

"இப்ப மூச்சைப் பிடிச்சுக்கோ."

மூச்சு நின்றது. ஒன்றும் இல்லை. அடியில் ஏதோ தூரத்துக் கதவை யாரோ உள்ளங்கையால் தட்டுவதுபோல மிக மெல்லிய தடதடப்பு. அவ்வளவுதான்.

"விட்டுடு."

மூச்சு வந்தது. "முடிஞ்சுதா டாக்டர்?" என்றாள். பதிவு முடிந்தது.

நான் ஹெட்போனைக் கழற்றினேன். "இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். அதேதான். மூச்சைப் பிடித்த இடத்தில் அதே வெறுமை. அந்த வெறுமையை நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருந்தேன், விடியற்காலையில், என் கட்டிலில்.

"சத்தம் இல்லை" என்றேன்.

"நல்ல வால்வு" என்றார் அவர். "அதனாலதான். வால்வுல ரத்தம் ஒழுகினாத்தான் முணுமுணுப்பு மாதிரி சத்தம் கேக்கும். நானே கேட்டு, ஒழுக்கு இல்லைன்னு குறிச்சிருக்கேன்."

"அது இல்லை. டிக் சத்தம்."

அவர் என்னைப் பார்த்தார். என் ஹெட்போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். முடியும் வரை திறக்கவில்லை. பிறகு வேறோர் எண்ணைத் தட்டினார். கேட்டார். இன்னொன்று. இன்னொன்று. பென்சில் காதோரத்திலிருந்து நழுவித் தரையில் உருண்டது. மச்சினன் குனிந்து எடுத்து அவர் முன்னால் வைத்தான். அவர் அதைப் பார்க்கவில்லை.

"டிக் டிக்னு வர்ற சின்னச் சத்தத்தையெல்லாம் நாடாவில விழுந்த கீறல்னு நெனைச்சு எடுத்துடுச்சு" என்றார். "சுத்தம் பண்ற மென்பொருள். நான்தான் அந்த வசதியை மொத்தமா எல்லாத்துக்கும் போடச் சொன்னேன்."

"நீங்க கேட்டுப் பாக்கலையா டாக்டரம்மா?" என்றான் மச்சினன். கோபமாகக் கேட்கவில்லை. ஒரு மோட்டாரைத் திறந்து பார்ப்பவன் கேட்பதுபோலக் கேட்டான்.

"எல்லாத்தையும் கேட்டேன். ஒண்ணு விடாம." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே, அந்த டிக்கைத் தாண்டிக் கேளு, ரெண்டு டிக்குக்கு நடுவுல என்ன இருக்குன்னு கேளுன்னுதான். நாப்பது வருஷமா அதை ஒதுக்கிட்டுக் கேட்ட காது இது. அது இல்லைங்கிறதே எனக்குத் தெரியல. முணுமுணுப்பெல்லாம் தெளிவா இருக்கேன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டிருந்தேன்."

"கேசட்?" என்றேன்.

"பூஞ்சை மத்ததுக்கும் பரவும்னு எரிச்சிட்டோம்."

அறை மிகவும் அமைதியாக இருந்தது. அதற்காகத்தான் அந்த அறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"இது ஒண்ணு மட்டும் இல்லை" என்றார் அவர், எங்களிடமா தன்னிடமா என்று தெரியவில்லை. "மாத்து வால்வு வச்ச எல்லாரோட சத்தமும் போச்சு. பாதிப் பேர் இப்ப இல்லை."

அவர் மேல் எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. எதுவும் வரவில்லை. கதவில் ஈயத் தகட்டின் ஆணிகள் சம இடைவெளியில் இல்லை என்பதைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அவர் திடீரென்று எழுந்து போய், ஒரு வால்வோடு திரும்பி வந்தார். வெல்வெட் துணியில் இருந்த இரண்டு இலைக் கதவு. "இதே வகை. இதே அளவு" என்றார். இரண்டு விரலால் வளையத்தைப் பிடித்துச் சாய்த்தார். கதவு மூடியது. டிக்.

மச்சினன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாமா, இதேதான்."

இதே இல்லை. காய்ந்த சத்தம். பீங்கான் மேல் நகத்தால் தட்டியதுபோல இருந்தது. அவளிடமிருந்து வந்த சத்தத்துக்குச் சுற்றிலும் சதை இருந்தது. போர்வை இருந்தது. ஆனால் அவன் அதற்குள் போனை எடுத்துவிட்டான்.

"அம்மாவுக்கு இதைப் புடிச்சிட்டுப் போவோம். வெறுங்கையோட போக முடியாது மாமா."

காப்பாளர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"எந்த வேகத்துல?" என்று கேட்டார்.

அவள் தூங்கும்போதிருந்த வேகம் என்று சொல்லி, மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன்.

"இல்ல மாமா, இது வேகம்" என்றான் மச்சினன். "இன்னும் கொஞ்சம் மெதுவா." அவனும் தட்டினான்.

"அது ரொம்ப மெதுவு."

"நான் சின்ன வயசுலேர்ந்து கேட்டவன் மாமா."

"நான் பக்கத்துல படுத்தவன்."

இருவரும் தட்டினோம். ஒத்துப்போகவில்லை. அவன் நிறுத்தினான். நான் மட்டும் தட்டினேன். தட்டத் தட்ட என் விரல் தானாக வேகத்தை மாற்றியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இது வேறு வேகமாக இருந்தது. எது சரி என்று தெரியவில்லை. ஒவ்வொரு இரவும் கேட்டது. சற்று நேரம் முன்வரை எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தது.

"நீங்களே ஏதோ ஒரு வேகத்துல ஆட்டுங்க" என்றேன்.

அவர் ஆட்டினார். கையால் ஆட்டியதால் சீராக வரவில்லை. மச்சினன் போனை அருகில் வைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தான். மூச்சுப் பதிவையும் என் போனுக்கு அனுப்பும்படி காப்பாளரிடம் கேட்டேன். அனுப்பினார். நாங்கள் கிளம்பும்போது அவர் எங்களோடு வாசல் வரை வரவில்லை. அடுத்த எண்ணைத் தட்டி ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் மச்சினன் தான் பதிவு செய்ததை மறுபடி மறுபடி கேட்டான். "அம்மாகிட்ட சொல்ல வேண்டாம் மாமா" என்றான். "வயசான காது. தெரியாது."

சரி என்றேன்.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். தலை வாரி, நல்ல புடவை கட்டியிருந்தார். யாரோ விருந்தாளி வருவதுபோல. மச்சினன் போனைக் கொடுத்தான். காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். உடனே திறந்தார்.

"யார் வீட்டுக் கடிகாரம்டா இது?"

"அம்மா, அக்காதான். மியூசியத்துல..."

"என்னை என்னன்னு நெனைச்சே?" போனை அவன் கையில் திருப்பி வைத்தார். குரலில் கோபம் இல்லை. "அங்க இல்லையா தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல அத்தை. அழிஞ்சுபோச்சு."

அவர் பாயில் உட்கார்ந்தார். மச்சினன் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனான். அவன் வண்டி உதைக்கும் சத்தம் நெடுநேரம் கேட்டது. கிளம்பவில்லை. பிறகு தள்ளிக்கொண்டே போனான்.

நான் என் போனை எடுத்தேன். "இது மட்டும் இருக்கு" என்றேன். "சத்தம் இல்லை. மூச்சுதான்."

அத்தை கேட்டார். எண். நாற்காலி. ஜில்லுனு இருக்கு. அந்த இடத்தில் அவர் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பிறகு மூச்சு. அவர் அசையாமல் இருந்தார். முடிந்ததும் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"இழுப்பே இல்ல பாரு" என்றார். "ஆபரேஷனுக்கு முன்னாடி எப்படி இருக்கும் தெரியுமா? படுக்க முடியாது. மூணு தலையணை வச்சு, நான் முதுகைத் தாங்கிக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒவ்வொரு மூச்சையும் எண்ணுவேன். இது எவ்வளவு நல்லா வருது. உள்ள போயி, வெளிய வந்து... கேளு தம்பி, நீயும் கேளு."

அவருக்கு வேண்டியது அதில் இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். மூச்சைப் பிடிச்சுக்கோ என்றது குரல். அத்தை தானும் பிடித்துக்கொண்டார். விட்டுடு என்றதும் விட்டார். மறுபடி போடச் சொன்னார். போட்டேன். மறுபடி.

பிறகு சுவரில் தலையைச் சாய்த்தபடி தூங்கிப்போனார். போன் அவர் மடியில் இருந்தது. அவள் இறந்த பிறகு அவர் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை.

இழுப்பறையைத் திறந்து பேட்டரியை எடுத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தில் பொருத்தினேன். முள் ஒரு தடவை நடுங்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. டிக், டிக், டிக். நாற்காலியின் மேல் நின்றபடியே கேட்டேன். இது அவள் வேகம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவள் வேகம் எது என்று இப்போது எனக்கே தெரியவில்லை.